கேம்ப்கிரவுண்ட் சீசன் கட்டணம்: தேடல் கருவி எங்கே சறுக்குகிறது

கேம்ப்கிரவுண்ட் என்பது கூடாரமோ ட்ரெய்லரோ போட்டுத் தங்க இடம் வாடகைக்கு விடும் தலம். அங்கே எந்தத் தேதிக்கு என்ன விலை என்று கேட்டால் சொல்லும் தேடல் கருவியை உருவாக்குகிறவர்களுக்கான குறிப்பு இது. முதலில் ஒரு சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேம்ப்கிரவுண்ட் தொழிலில் 'சீசனல் ரேட்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, காலத்துக்குக் காலம் மாறும் இரவுக் கட்டணம்: கோடையில் ஒரு விலை, இலையுதிர் காலத்தில் ஒரு விலை. மற்றது, மே மாதம் திறப்பதிலிருந்து அக்டோபரில் மூடுவது வரை ஒரே இடத்தை ஒரே குடும்பத்துக்கு மொத்தமாக விடுவது. ட்ரெய்லரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வார இறுதிகளில் வந்து போவார்கள். முதலாவது விலைப்பட்டியல், இரண்டாவது ஒப்பந்தம். இரண்டையும் ஒரே அட்டவணையில் திணித்துவிட்டு, 'சீசனல்' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்துச் சமாளிக்கலாம் என்று தொடங்கும் கருவிகள் பெரும்பாலும் முதல் சீசனையே தாண்டுவதில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பணம், தவணைத் தேதிகள், மீட்டர் போட்ட மின்சாரம், பாதியில் காலி செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனை என்று தனி உலகம் இருக்கிறது. அதைத் தனி அட்டவணையில் வையுங்கள். கீழே பேசப்போவது முதல் வகையை.

இரண்டாவது விஷயம்: விற்பது நாளை அல்ல, இரவை. ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்து செப்டம்பர் 3ஆம் தேதி கிளம்புகிறவர் ஏழு நாள்காட்டிக் கட்டங்களைத் தொடுகிறார், ஆனால் ஆறு இரவுகளுக்குத்தான் பணம் கட்டுகிறார். தேடல் கருவியில் வரும் தவறுகளில் பாதி இந்த ஒன்றைக் கூட்டும் இடத்திலோ குறைக்கும் இடத்திலோதான் பிறக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சீசனையும் தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே என்று சேமியுங்கள். உச்ச சீசன் ஜூன் 15 முதல் செப்டம்பர் 1 வரை என்றால், ஆகஸ்ட் 31 இரவு உச்சத்தில் சேரும். செப்டம்பர் 1 இரவு சேராது. அடுத்த சீசன் அதே செப்டம்பர் 1இல் தொடங்கும். இடைவெளியும் இல்லை, மோதலும் இல்லை. தங்கும் காலத்தையும் இதே முறையில் வைத்தால் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே இரவுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எங்கேயும் ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை.

ஆனால் இதை அலுவலகத்தில் கட்டணம் உள்ளிடுகிறவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவருக்கு 'முடிவுத் தேதி' என்ற கட்டத்தைக் காட்டினால் ஒருவர் ஆகஸ்ட் 31 போடுவார், இன்னொருவர் செப்டம்பர் 1 போடுவார். இரண்டு பேரும் தாங்கள் போட்டதுதான் சரி என்பார்கள். திரையில் அந்தக் கட்டத்தின் பெயரை 'இந்த விலை பொருந்தும் கடைசி இரவு' என்று மாற்றுங்கள். உள்ளே சேமிக்கும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுவது இந்த ஒரே இடத்தில் மட்டும்தான். பெயர் மாற்றம் போலத்தான் தெரியும், ஆனால் எந்தச் சரிபார்ப்பு நிரலையும் விட அதிகத் தவறுகளை இது தடுக்கும்.

ஒரு தங்கலைப் பிரித்துப் பார்த்தால்

30 ஆம்ப் மின்னிணைப்புள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். உச்ச சீசன் ஜூன் 15 – செப்டம்பர் 1. சாதாரண இரவு 40, வெள்ளி சனி இரவுகள் 50. அதற்கு முன்னும் பின்னும், அதாவது மே 1 – ஜூன் 15, செப்டம்பர் 1 – அக்டோபர் 15, இடைச் சீசன், 30, 36. இவற்றின் மேல் ஒரு நீள வார இறுதி விலை: 2025 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 1 வரை, இரவுக்கு 60, குறைந்தது மூன்று இரவு. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஆகஸ்ட் 28 வந்து செப்டம்பர் 3 கிளம்புகிறார்.

வியாழன் 28: உச்சம், சாதாரண இரவு, 40.
வெள்ளி 29: நீள வார இறுதி, 60.
சனி 30: நீள வார இறுதி, 60.
ஞாயிறு 31: நீள வார இறுதி, 60.
திங்கள் 1: இடைச் சீசன், சாதாரண இரவு, 30.
செவ்வாய் 2: இடைச் சீசன், சாதாரண இரவு, 30.
மொத்தம் 280.

கருவி வெளியே தர வேண்டியது கடைசி வரியை மட்டுமல்ல, இந்த ஏழு வரிகளையும்தான். '280' என்று மட்டும் சொல்லும் கருவியை யாரும் நம்ப மாட்டார்கள். வரவேற்பு முகப்பில் இருப்பவர் பக்கத்தில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு இரவுக்கும் எந்த விலைத் திட்டம் பொருந்தியது, ஏன் மற்றது தோற்றது என்று காட்டினால் சரிபார்க்கும் வேலை வாசிக்கும் வேலையாகக் குறைந்துவிடும். தவறு இருந்தாலும் எந்த வரியில் என்று உடனே தெரிந்துவிடும். இந்த விளக்கத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கணக்குப் போடும் நிரல் திருப்பித் தரும் விடையே வரிகளின் பட்டியலாக இருக்கட்டும். மொத்தத்தை அதிலிருந்து கூட்டிக்கொள்ளலாம்.

எந்தத் திட்டம் வெல்லும் என்பதற்கு முன்னுரிமை எண் வையுங்கள்: அடிப்படை சீசன் 10, கிழமை விலை 20, சிறப்புத் தேதி 30 என்பதுபோல். நடுவில் இடம் விட்டு எண் கொடுப்பது பின்னால் உதவும். ஒரே இரவுக்கு ஒரே முன்னுரிமையில் இரண்டு திட்டங்கள் வந்தால் கருவி நின்று பிழை காட்ட வேண்டும். 'கடைசியாக உள்ளிட்டது வெல்லும்' என்ற விதி வசதியானதுதான்; ஆனால் யாரோ ஒரு பழைய வரியைத் திருத்திச் சேமித்த அன்று விலை சத்தமில்லாமல் மாறிவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் பாதி வேலையைத் தரவுத்தளமே செய்துவிடும். தேதி வீச்சுக்கென்று (தொடக்க நாளும் முடிவு நாளும் சேர்ந்த ஒரே மதிப்பு) தனித் தரவு வகை 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இரண்டு முனைகளும் உள்ளே என்று கொடுத்தாலும் அது தானாகவே முடிவு நாள் வெளியே இருக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்: ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று கொடுத்தால் திரும்ப வருவது ஜூன் 15 முதல் செப்டம்பர் 1. இதைப் பார்த்துப் பயந்து, 'தேதி மாறிவிட்டதே' என்று ஒரு நாளைக் குறைக்கும் நிரலை எழுதிவிடாதீர்கள். வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுக்க விலக்கல் கட்டுப்பாடு இருக்கிறது. இடவகை சமம், முன்னுரிமை சமம், வீச்சுகள் மோதுகின்றன என்ற மூன்றும் சேர்ந்து வரும் வரியை அது ஏற்காது. சமம் பார்க்கும் பகுதிக்கு பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்சியை முதலில் நிறுவியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, கட்டுப்பாடே வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் இந்த வசதி இல்லை. ட்ரிக்கர் (வரி சேரும்போது தானாக ஓடும் நிரல்) எழுதித்தான் தடுக்க வேண்டும்.

மோதலைத் தடுத்தால் மட்டும் போதாது, ஓட்டையும் இருக்கக்கூடாது. இதற்குத் தந்திரமான வினவல் எதுவும் தேவையில்லை. மே 1 முதல் அக்டோபர் 15 வரை 167 இரவுகள். எட்டு இடவகைகள் என்றால் 1,336 வரிகள். ஒவ்வொன்றையும் விரித்து, அடிப்படைத் திட்டம் சரியாக ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஓட்டை. இரண்டு இருந்தால் மோதல்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: தேடல் நடக்கும்போது வீச்சுகளை அலசவே வேண்டாம். கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் முழு ஆண்டையும் இரவு வாரியாக விரித்து ஓர் அட்டவணையில் எழுதி வைத்துவிடுங்கள். 365 இரவு, எட்டு வகை, 2,920 வரிகள். எந்தக் கணினிக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. தேடல் என்பது அந்த அட்டவணையில் சில வரிகளை எடுப்பதாகச் சுருங்கிவிடும். வீச்சுகளை நினைவகத்தில் மரமாகக் கட்டி வேகம் காட்டுவது இந்த அளவுத் தரவுக்கு வீண் அலங்காரம்.

கிழமை, தேதி, நேர மண்டலம்

கேம்ப்கிரவுண்டுக்கு வார இறுதி இரவுகள் வெள்ளியும் சனியும். ஞாயிறு இரவு வார இறுதி அல்ல, மறுநாள் வேலை. அடுத்து எண். பைத்தான் நிரல் மொழியில் கிழமையைக் கேட்டால் திங்கள் 0. வெள்ளி 4, சனி 5. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0. வெள்ளி 5, சனி 6. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் திங்கள் 1, ஞாயிறு 7. போஸ்ட்கிரெஸ் இந்தக் கடைசி இரண்டு முறைகளையும் இரண்டு பெயர்களில் தருகிறது. முன்பக்கத் திரையில் ஜாவாஸ்கிரிப்ட் '5, 6' என்று சேமிக்க, பின்னால் பைத்தான் அதைப் படித்தால் சனியும் ஞாயிறும் விலை ஏறும், வெள்ளி இரவு மலிவாகப் போகும். வெள்ளி இரவு மலிவு என்று எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்ல மாட்டார், அதனால் இந்தப் பிழை நீண்ட நாள் உயிரோடு இருக்கும். சேமிக்கும்போது ஐஎஸ்ஓ எண் மட்டும் என்று முடிவு செய்து, படிக்கும் இடத்தில் மாற்றுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு பொறி. '2025-07-04' என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் கணினியில் அதை உள்ளூர் நேரத்தில் காட்டினால் ஜூலை 3. உருவாக்கியவரின் ஊர் கிழக்கே இருந்தால் சோதனையில் இது தெரியவே தெரியாது. தங்கும் தேதிக்கு மணியும் கிடையாது, மண்டலமும் கிடையாது. ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களாகவோ வெறும் எழுத்துச் சரமாகவோ கொண்டுபோங்கள். தரவுத்தளத்தில் நேரமில்லாத தேதி வகையில் வையுங்கள்.

'ஆறு மாதம் முன்பு முன்பதிவு திறக்கும்' என்ற விதி இருந்தால் மாதக் கழித்தலையும் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 31இலிருந்து ஆறு மாதம் பின்னால் போனால் பிப்ரவரி 31. அப்படியொரு நாள் இல்லை. போஸ்ட்கிரெஸ் பிப்ரவரி 28 என்று இழுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் 28, 29, 30, 31 நான்குமே 2025 பிப்ரவரி 28 அன்று ஒரே நேரத்தில் திறக்கும். இது தவறில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் சண்டை வரும்.

ஆண்டைத் தாண்டும் குளிர்காலச் சீசனை 'நவம்பர் 15 – மார்ச் 15' என்று ஆண்டில்லாமல் சேமிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முடிவு தொடக்கத்துக்கு முன்னால் வரும், ஒப்பீடு எல்லாம் தலைகீழாகும், பிப்ரவரி 29 வேறு நடுவில் நிற்கும். தவிர, விடுமுறைகள் நகரும். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். அமெரிக்காவில் சீசனின் இரு முனைகளாகக் கருதப்படும் மெமோரியல் டே மே மாதத்தின் கடைசித் திங்கள், லேபர் டே செப்டம்பரின் முதல் திங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் தேதிகளை முழுதாக எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்குப் படியெடுத்துத் தரும் பொத்தான் வைக்கலாம். ஆனால் அந்தப் படி 'வரைவு' நிலையில் நிற்க வேண்டும், ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை தேடலில் வரக்கூடாது. விலை அறிவிக்கப்படாத தேதியைக் கேட்டால் 'இன்னும் அறிவிக்கவில்லை' என்பதுதான் பதில். போன ஆண்டு விலையைச் சொல்லிவிட்டு இந்த ஆண்டு கூடுதலாகக் கேட்பது முகப்பில் நிற்பவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

வார விலை, மாத விலை

இதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி. மேலே சொன்ன உச்ச சீசனில் ஏழு இரவின் தனி விலை 5 × 40 + 2 × 50 = 300. வார விலை 240 என்று வைத்தால், எந்த ஆறு இரவை எடுத்தாலும் 250 அல்லது 260. ஆறு இரவு தங்குகிறவர் ஏழு இரவு தங்குகிறவரை விட அதிகம் கட்டுகிறார். கணக்கில் பிழை இல்லை, விலைப்பட்டியலே அப்படி. ஆனால் கருவி அதைக் கண்டுபிடித்து 'ஏழாவது இரவு சேர்த்தால் மொத்தம் 240' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வாடிக்கையாளரே கண்டுபிடிப்பார்.

அடுத்து, வாரம் இரண்டு சீசனில் விழுந்தால்? ஜூன் 11 வந்து 18 கிளம்புகிறவருக்கு நான்கு இரவு இடைச் சீசன், மூன்று இரவு உச்சம். இடைச் சீசன் வார விலை 180 என்போம். வரும் நாளின் சீசன்தான் கணக்கு என்றால் 180. இரவு விகிதப்படி பிரித்தால் 180 × 4/7 + 240 × 3/7, அதாவது 205.71. இரண்டும் நடைமுறையில் உண்டு, மூன்றாவதாக 'சீசன் எல்லையைத் தாண்டினால் வார விலையே கிடையாது' என்பதும் உண்டு. இது நிரலாளர் முடிவு செய்யும் விஷயம் அல்ல; உரிமையாளரிடம் இதே உதாரணத்தைக் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'எப்படிப் பிரிப்பது?' என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் 'வழக்கம்போல' என்பார்கள். எண்ணைக் காட்டினால்தான் பதில் வரும். நீள வார இறுதி நடுவில் வந்தால் வார விலை செல்லுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

பணத்தை மிதவைப் புள்ளியில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில்) வைக்காதீர்கள். சிறு நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள். 240ஐ ஏழால் வகுத்து இரவுக்கு 34.29 என்று முழுமையாக்கிவிட்டு ஏழால் பெருக்கினால் 240.03. மூன்று காசுதான், ஆனால் ரசீதும் பட்டியலும் ஒத்துப்போகாது. மொத்தத்தை முதலில் முடிவு செய்து, பிறகு இரவுகளுக்குப் பங்கிட்டு, மிச்சக் காசைக் கடைசி இரவில் சேருங்கள்.

குறைந்தபட்ச இரவுகள்

நீள வார இறுதிக்கு மூன்று இரவு கட்டாயம் என்று போட்டோம். அந்த விதி வரும் நாளைப் பார்க்கிறதா, தங்கலில் எந்த இரவு தொட்டாலும் பார்க்கிறதா? வரும் நாளை மட்டும் பார்த்தால், 28 வியாழன் வந்து 30 சனி கிளம்புகிறவர் இரண்டே இரவில் நுழைந்துவிடுவார். வெள்ளி இரவு போச்சு, மிச்ச இரண்டு இரவை மூன்று இரவாக யாருக்கும் விற்க முடியாது. தொட்டாலே விதி என்று வைத்தால் இது தடுக்கப்படும். ஆனால் 25ஆம் தேதியே வந்து 30 அன்று கிளம்பும் ஐந்து இரவுக்காரர், மொத்தத்தில் மூன்றுக்கு மேல் இருப்பதால், அப்போதும் நுழைவார். அவரையும் தடுக்க வேண்டுமானால் சனி, ஞாயிறு கிளம்புவதற்குத் தடை என்று தனி விதி வேண்டும். விலைத் திட்டத்தையும் இந்த விதிகளையும் தனித்தனி அட்டவணையில் வையுங்கள். விதி தடுத்தாலும் விலையைக் காட்டி, ஏன் பதிவு செய்ய முடியாது என்பதைப் பக்கத்தில் சொல்லுங்கள். வெறும் 'கிடைக்கவில்லை' என்று காட்டினால் இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

இடவகையைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. 30 ஆம்ப், 50 ஆம்ப் என்பதை 'மின்சாரக் கூடுதல் கட்டணம்' என்று எண்ணாதீர்கள். வட அமெரிக்க முறையில் 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட் ஒரே கம்பி, 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு, 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். அதனால்தான் அவை தனி இடவகையாகவே விலை போடப்படுகின்றன. ஐரோப்பாவில் 230 வோல்ட்டில் 6, 10, 16 ஆம்ப் என்று வரும். அங்கே அது உண்மையிலேயே தேர்ந்தெடுக்கும் கூடுதலாக இருக்கலாம்.

கூடுதல் ஆள், செல்லப் பிராணி, இரண்டாவது வண்டி: ஒவ்வொரு கட்டணத்துக்கும் அடிப்படை எது என்று ஒரு பத்தி கட்டாயம். இரவுக்கா, தங்கலுக்கா, தலைக்கும் இரவுக்குமா? அரசுக்குக் கட்டும் வரியிலும் இதே கேள்விதான். சில இடங்களில் சதவீதம், சில இடங்களில் தலைக்கு இவ்வளவு. பிரான்ஸில் தங்கும் வரி தலைக்கு, இரவுக்கு வசூலாகிறது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. 'நான்கு பேர்' என்று மட்டும் கேட்கும் திரை அங்கே சரியான மொத்தத்தைத் தரவே முடியாது, வயதும் வேண்டும்.

எக்செல் கோப்பை உள்ளே எடுக்கும்போது

விலைப்பட்டியல் உங்கள் கையில் எக்செல்லாகத்தான் வரும். முதல் ஆபத்து வெற்றுக் கட்டம். அதை 0 என்று படித்தால் அந்த இரவு இலவசம். வெற்று என்றால் 'விலை இல்லை', பதிவு செய்ய முடியாது. இலவசம் என்றால் யாராவது 0 என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, இட எண்கள். 5-12 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். 007 என்றால் 7 ஆகும். தட்டும் முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், பின்னால் மாற்றினால் போனது திரும்பாது. மூன்றாவது, 04/07. ஏப்ரல் 7ஆ, ஜூலை 4ஆ? கோப்பில் எங்காவது 12க்கு மேல் எண் வந்தால் ஊகிக்கலாம் என்று நிரல் எழுதுகிறார்கள். பாதிக் கோப்பு ஒரு முறையிலும் பாதி இன்னொரு முறையிலும் இருந்தால் அந்த ஊகம் அம்பேல். மாதத்தின் பெயர் எழுத்தில் இல்லாத, ஆண்டு முதலில் வராத தேதியை ஏற்கவே ஏற்காதீர்கள்; வரி எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

எடுத்து முடித்ததும் பழைய விலைக்கும் புதிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இரவு வாரியாகக் காட்டி, ஒருவர் சரி என்ற பிறகே வெளியிடுங்கள். பழைய பதிப்பை அழிக்க வேண்டாம். மார்ச்சில் 280 என்று சொன்னவருக்கு மே மாதம் விலை ஏறிய பிறகும் அதே 280 என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒவ்வொரு விலைக்கும் தங்கும் தேதியோடு, 'எந்த நாளில் கேட்டவருக்கு இந்த விலை' என்ற இன்னொரு தேதியும் வேண்டும்.

சோதனைக்கு இவை போதும்: ஒவ்வொரு சீசன் எல்லையிலும் ஓர் இரவுத் தங்கல், எல்லைக்கு முன்னும் பின்னும், வரும் நாளும் கிளம்பும் நாளும் ஒன்றாக இருந்தால் பிழை, 2028 பிப்ரவரி 28 வந்து மார்ச் 1 கிளம்பினால் இரண்டு இரவு, டிசம்பர் 30 முதல் ஜனவரி 2, மூடியிருக்கும் காலத்தில் ஒரே ஓர் இரவு நீட்டிக்கொண்டிருக்கும் தங்கல், ஆறு, ஏழு, எட்டு இரவுகளின் மொத்தங்கள் அடுத்தடுத்து. விடைகளைக் கருவியைக் கொண்டு உருவாக்காமல், முகப்பில் இருப்பவரைக் கையால் போடச் சொல்லி வாங்குங்கள்.